அப்டேட்டில் படுத்துவிட்ட ஆண்ட்ராய்டு பாக்ஸை எழுப்புவது எப்படி? அம்லாஜிக் சிப் உள்ளவற்றுக்கான முழுமையான வழிகாட்டி

“புதிய அப்டேட் வந்திருக்கிறது” என்ற அறிவிப்புக்கு ஓகே கொடுக்கிறீர்கள். பட்டை நகர்ந்து முடிகிறது. பாக்ஸ் ஒருமுறை அணைந்து எரிகிறது. அதன் பிறகு லோகோவைத் தாண்டுவதே இல்லை. அல்லது லோகோவும் வராமல் சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தால் பெரும்பாலும் “போர்டு போச்சு, புதுசு வாங்கிக்கோங்க” என்பார்கள். அதை உடனே நம்பிவிடாதீர்கள். அப்டேட் செய்ததால் மட்டும் நின்றுபோன பாக்ஸில் வன்பொருள் நன்றாகவே இருக்கும். உள்ளே எழுதியிருக்கும் மென்பொருள்தான் குலைந்திருக்கும். திரும்ப எழுதினால் எழுந்துவிடும்.

எக்ஸ்96 மினி, டிஎக்ஸ்3 மினி, எக்ஸ்96 ஏர் என்று சந்தையில் புழங்கும் மலிவு பாக்ஸ்கள் பலவற்றில் இருப்பது அம்லாஜிக் நிறுவனத்தின் எஸ்905 வரிசைச் சிப். இந்த வழிகாட்டி அவற்றுக்கானது. ராக்சிப், ஆல்வின்னர் சிப்புகளுக்குக் கருவிகள் வேறு; அதைப் பின்னால் சொல்கிறேன்.

பாக்ஸ் எப்படி விழிக்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் கருவியைத் தொட வேண்டாம். மின்சாரம் கிடைத்ததும் சிப் முதலில் ஓட்டுவது தன் சிலிக்கனிலேயே பதிந்திருக்கும் ஒரு சிறு நிரல். பூட் ரோம் என்பார்கள். சிப் உருவாகும்போதே அதில் பதித்தது. எந்த அப்டேட்டும் அதன்மேல் எழுத முடியாது. நம் நம்பிக்கை முழுக்க அதன்மேல்தான்.

பூட் ரோம் முதலில் இஎம்எம்சி என்ற உள் நினைவகத்தில் பூட்லோடரை, அதாவது மற்ற மென்பொருளை ஏற்றிவிடும் தொடக்க நிரலைத் தேடும். அங்கே செல்லுபடியாகும் பூட்லோடர் இல்லையென்றால் எஸ்டி கார்டைப் பார்க்கும். அதிலும் இல்லையென்றால் யூஎஸ்பி வழியாக ஏதாவது கணினி பேசுகிறதா என்று காத்திருக்கும். பூட்லோடர் கிடைத்துவிட்டால், அதன் முதல் பகுதி ரேமைத் தயார்செய்யும். அடுத்து அதன் பிற்பகுதியான யூ-பூட் எழும். யூ-பூட் திரையில் லோகோவைப் போட்டுவிட்டு ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கெர்னலை ஏற்றும். கெர்னல் ஆண்ட்ராய்டை எழுப்பும். அப்போதுதான் அசையும் படம் வரும்.

இந்தச் சங்கிலி எங்கே அறுந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. திரையே அதைச் சொல்லிவிடும்.

அசையும் படம் வந்து சுற்றிக்கொண்டே இருந்தால் கெர்னல் வரை எல்லாம் நலம். ஆண்ட்ராய்டு பகுதியிலோ பழைய தரவிலோதான் சிக்கல். பெரும்பாலும் ஃபேக்டரி ரீசெட்டிலேயே சரியாகிவிடும். அசையாத லோகோவில் நின்றால் யூ-பூட் உயிரோடு இருக்கிறது, அதற்குப் பிறகு வரவேண்டியது கெட்டிருக்கிறது. ரெகவரி என்ற மீட்பு மெனு கைகொடுக்கலாம், இல்லையென்றால் முழு ஃப்ளாஷ், அதாவது மென்பொருள் முழுவதையும் திரும்ப எழுதுவது. விளக்கு எரிந்தும் படமே இல்லையென்றால் மூன்று சந்தேகங்கள்: பூட்லோடர், எச்டிஎம்ஐ, அடாப்டர். விளக்கே எரியவில்லையென்றால் அப்டேட்டைக் குறை சொல்வதற்கு முன் அடாப்டரைப் பாருங்கள்.

இன்னொன்று. பெரிய அப்டேட்டுக்குப் பிறகு முதல் தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு எல்லாச் செயலிகளையும் புதிதாகத் தொகுக்கும். மலிவான பாக்ஸில் இதற்கே பத்துப் பதினைந்து நிமிடம் போகலாம். அந்த நேரத்தில் பொறுமையிழந்து பிளக்கைப் பிடுங்கினால், நன்றாக முடிந்திருக்க வேண்டிய அப்டேட்டை நாமே கெடுத்துவிடுவோம். அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். அதன் பிறகும் அசைவில்லை என்றால் கீழே உள்ளவற்றைத் தொடங்கலாம்.

எதையும் அழிப்பதற்கு முன்

வேறொரு அடாப்டர் போட்டுப் பாருங்கள். இந்த பாக்ஸ்கள் பெரும்பாலும் 5 வோல்ட், 2 ஆம்பியரில் ஓடுபவை. கூடவரும் மலிவான அடாப்டர் ஒன்றிரண்டு ஆண்டில் தளர்ந்துபோகும். சும்மா அளந்தால் மீட்டர் 5 வோல்ட் காட்டும். சிப் முழு வேகத்தில் ஓடத் தொடங்கியதும் வோல்டேஜ் இறங்கி, பாக்ஸ் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பார்ப்பதற்கு அப்டேட் கெட்டுப்போய் சுற்றுவது போலவே இருக்கும். பாக்ஸில் குத்தியிருக்கும் ஹார்டு டிஸ்க், பென் டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

பிறகு எச்டிஎம்ஐ. அப்டேட் சில நேரம் திரைத் துல்லிய அமைப்பை மாற்றிவிடும். டிவி 4கே அல்லாததாக இருந்து பாக்ஸ் 4கே அனுப்பினால் திரை கறுப்பாகத்தான் இருக்கும். வேறு டிவியில் மாட்டிப் பாருங்கள், அல்லது ஏவி கேபிளைப் போட்டுப் பாருங்கள். வைஃபை ரூட்டரின் இணைப்புப் பட்டியலில் பாக்ஸின் பெயர் தெரிந்தால் ஆண்ட்ராய்டு எழுந்துவிட்டது, படம்தான் வரவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

ரெகவரிக்குள் போவது

ரீசெட் பட்டன் எங்கே என்று தேடிக் களைத்தவர்கள் உண்டு. பல பாக்ஸ்களில் அது ஏவி ஜாக்கின் துளைக்குள்ளே இருக்கும். சிலவற்றில் அடியில் ஒரு சிறு துளை. மரப் பல்குச்சியை உள்ளே விட்டு மெதுவாக அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரு மென்மையான அழுத்தம் விரலுக்குத் தெரியும். உலோக ஊசி வேண்டாம். பக்கவாட்டில் இருக்கும் ஜாக்கின் தகடுகள் வளைந்துவிடும்.

அடாப்டரைக் கழற்றிவிட்டு, பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மறுபடி செருகுங்கள். லோகோ வந்த பிறகும் பத்து நொடி பிடித்திருந்து விடுங்கள். ரெகவரி மெனு வரும், அல்லது படுத்திருக்கும் ஆண்ட்ராய்டு பொம்மை வரும். ரிமோட் அங்கே வேலை செய்யாமல் போகலாம். யூஎஸ்பி விசைப்பலகை ஒன்றைக் குத்தி அம்புக்குறி விசைகளால் நகருங்கள்.

முதலில் கேஷ் (தற்காலிகக் கோப்புகள்) பகுதியை மட்டும் துடைத்துவிட்டு ரீபூட் கொடுங்கள். அதில் எதுவும் இழக்க மாட்டீர்கள். சரியாகவில்லை என்றால் ஃபேக்டரி ரீசெட். இதில் செயலிகள், கணக்குகள், பாக்ஸின் உள்ளே இறக்கிவைத்த படங்கள் எல்லாம் போய்விடும். தனியாகக் கழற்றி வைத்த பென் டிரைவுக்கு ஒன்றும் ஆகாது.

அதே மெனுவில் அப்டேட் கோப்பைப் பென் டிரைவிலிருந்து நிறுவும் வழியும் இருக்கும். பென் டிரைவ் எஃப்ஏடி32 வடிவத்தில் இருக்க வேண்டும். கோப்பு முழு அப்டேட்டாக இருப்பது முக்கியம். இணையம் வழியே வரும் சிறிய அப்டேட் கோப்புகள் குறிப்பிட்ட ஒரு பழைய பதிப்பின் மேல் ஒட்டுப்போடுவதற்காகச் செய்தவை. அந்தப் பழைய பதிப்பு கொஞ்சம் மாறியிருந்தாலும் ஏற்காது. பாக்ஸை ரூட் செய்து (கணினி அமைப்பை மாற்றும் முழு அதிகாரம் பெற்று), கூடவந்த செயலிகளை நீக்கியவர்களுக்கு அப்டேட் தோல்வியடைவது பெரும்பாலும் இதனால்தான்.

சரியான ஃபர்ம்வேரைக் கண்டுபிடிப்பது

ஃபர்ம்வேர் என்பது பாக்ஸின் உள்ளே எழுதும் மென்பொருள் தொகுப்பு. இந்தப் பகுதியில் நேரம் செலவழியுங்கள். பாக்ஸ்கள் நிரந்தரமாகக் கெட்டுப்போவது பெரும்பாலும் முதல் அப்டேட்டால் அல்ல, அதைச் சரிசெய்யப் போய் ஏற்றிய தவறான கோப்பால்.

மேலே அச்சடித்த பெயரை நம்ப முடியாது. எச்96 மேக்ஸ் என்ற பெயரில் ராக்சிப் வைத்தும் விற்கிறார்கள், அம்லாஜிக் வைத்தும் விற்கிறார்கள். ஒரே பெயரும் ஒரே சிப்பும் இருந்தால்கூட, இந்த மாதம் வந்த சரக்கில் ஒரு ரேம், அடுத்த சரக்கில் வேறு ரேம் என்று எது மலிவாகக் கிடைத்ததோ அதைப் போட்டிருப்பார்கள். அட்டையில் 2 ஜிபி ரேம் என்று போட்டு உள்ளே 1 ஜிபி வைத்த பாக்ஸ்களும் உண்டு.

ஆகவே பாக்ஸைத் திறக்க வேண்டும். அடியில் ஒட்டியிருக்கும் ரப்பர் கால்களுக்குக் கீழே திருகுகள் இருக்கும். திருகு இல்லையென்றால் ஓரத்தில் பிளாஸ்டிக் கார்டை நுழைத்து மெதுவாக நெம்புங்கள். போர்டின் இரு பக்கத்தையும் தெளிவாகப் படம் எடுங்கள். அதில் நமக்குத் தேவையானவை: பச்சை அல்லது நீல போர்டில் வெள்ளையாக அச்சடித்திருக்கும் போர்டு எண்ணும் தேதியும், ரேம் சில்லுகள் எத்தனை, அவற்றின் மேல் என்ன எண், வைஃபை சில்லின் எண். வைஃபை சில் எஸ்வி6051பி, ஆர்டிஎல்8189, ஆம்பாக் ஏபி6255 என்று ஏதாவது இருக்கும். சிப்பின் மேல் ஒட்டிய ஹீட் சிங்க்கைப் பெயர்க்க முயல வேண்டாம். சிப்போடு சேர்ந்து வந்துவிடும்.

விற்றவரிடம் இந்தப் படத்தை அனுப்பி ஃபர்ம்வேர் கேளுங்கள். தேடும்போதும் பாக்ஸின் பெயரைவிட போர்டு எண்ணை வைத்துத் தேடுங்கள். ரேம் பொருந்தாத கோப்பு ஏற்றினால் பாக்ஸ் எழவே எழாது. வைஃபை மட்டும் பொருந்தாவிட்டால் எல்லாம் வேலை செய்யும், வைஃபை மட்டும் வராது.

எங்கிருந்தோ கிடைக்கும் ஃபர்ம்வேரில் வேறோர் ஆபத்தும் இருக்கிறது. ஆல்வின்னர் எச்616 சிப் வைத்த டி95 பாக்ஸ் தொழிற்சாலையிலிருந்தே தீநிரலோடு வந்தது 2023 ஜனவரியில் வெளியே தெரிந்தது. விற்பனைக்கு வந்ததிலேயே இப்படி என்றால், யாரோ மாற்றியமைத்து ஏற்றிவைத்த கோப்பை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். மாற்றாத மூலக் கோப்பு கிடைக்கும்வரை பொறுத்திருப்பது நல்லது.

கணினி வழியாக முழு ஃப்ளாஷ்

தேவையானவை: விண்டோஸ் கணினி, அம்லாஜிக்கின் யூஎஸ்பி பர்னிங் டூல், இரு முனையிலும் ஆண் பிளக் உள்ள யூஎஸ்பி-ஏ கேபிள், உங்கள் போர்டுக்கான ஐஎம்ஜி கோப்பு. ரெகவரிக்கான ஜிப் கோப்பை இந்தக் கருவி ஏற்காது. இறக்கிய கோப்பு சுருக்கப்பட்டதாக இருந்தால் விரித்து, செக்சம் (கோப்பு சிதையவில்லை என்று சரிபார்க்கும் எண்) கொடுத்திருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். கோப்பு இருக்கும் ஃபோல்டரின் பெயர் சிறியதாக, இடைவெளி இல்லாமல் இருக்கட்டும்.

1. கருவியை நிறுவுங்கள். கூடவே டிரைவரும் நிறுவப்படும். கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

2. கருவியில் ஐஎம்ஜி கோப்பைத் திறங்கள். அது சரிபார்த்து முடிக்கும்வரை காத்திருங்கள். இங்கேயே பிழை வந்தால் கோப்பு சிதைந்திருக்கிறது, மறுபடி இறக்குங்கள்.

3. வலப்பக்கத் தேர்வுகளில் ஃப்ளாஷை அழிப்பதற்கு ‘நார்மல்’ போதும். ‘ஓவர்ரைட் கீ’ என்பதில் டிக் இருக்கக் கூடாது. காப்புரிமைப் பூட்டு போட்ட படங்களைக் காட்டத் தேவையான, பாக்ஸுக்கே உரிய எச்டிசிபி, வைட்வைன் சாவிகள் அந்தப் பகுதியில் இருக்கும், போனால் திரும்பாது.

4. ஸ்டார்ட் அழுத்துங்கள். இன்னும் பாக்ஸை இணைக்க வேண்டாம்.

5. பாக்ஸில் அடாப்டர் இல்லாத நிலையில், பல்குச்சியால் ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி, கேபிளால் கணினியோடு இணையுங்கள். கணினியில் ‘வேர்ல்டுகப் டிவைஸ்’ என்ற பெயரில் புதிய சாதனம் வரும். அம்லாஜிக் வைத்த பெயர் அது. வைரஸ் என்று பயப்பட வேண்டாம். கருவியில் விழுக்காடு ஓடத் தொடங்கியதும் பட்டனை விடலாம்.

6. 100 விழுக்காடு வந்து பச்சையாகும்வரை எதையும் தொடாதீர்கள். பிறகு ஸ்டாப் அழுத்தி, கேபிளைக் கழற்றி, அடாப்டர் போட்டுத் தொடங்குங்கள்.

பாக்ஸில் இரண்டு யூஎஸ்பி துளைகள் இருந்தால் ஒன்றுதான் இதற்கு வேலை செய்யும். எது என்று எழுதியிருக்காது. இரண்டிலும் முயன்று பாருங்கள். கணினியில் முன்பக்கத் துளையை விடப் பின்பக்கத் துளை நம்பகமானது. ஹப் வேண்டவே வேண்டாம்.

அடாப்டர் போடலாமா என்று பலரும் கேட்பார்கள். கேபிள் வழியே கணினியிலிருந்தும் 5 வோல்ட் வருவதால், முதலில் அடாப்டர் இல்லாமலே செய்து பாருங்கள். ஆனால் யூஎஸ்பி 2.0 துளையின் கொடுப்பளவு 500 மில்லிஆம்பியர்தான். நினைவகத்தில் எழுதும்போது அது பற்றாமல் பாதியில் நின்றால் யூஎஸ்பி 3.0 துளைக்கு மாறுங்கள். அங்கே 900 மில்லிஆம்பியர் கிடைக்கும். அதிலும் நின்றால், கணினி பாக்ஸைக் கண்டுகொண்ட பிறகு அடாப்டரையும் செருகுங்கள்.

எந்த விழுக்காட்டில் நிற்கிறது என்பது முக்கியமான குறிப்பு. பத்துக்குக் கீழே நின்றால் கேபிளோ துளையோ காரணமாக இருக்கலாம், அல்லது ரேம் பொருந்தாத கோப்பு. கேபிளை மாற்றியும் அதே இடத்தில் நின்றால் கோப்பைச் சந்தேகியுங்கள். நடுவில் நின்றால் மின்சாரம். ஒவ்வொரு முறையும் நடுவில் அதே இடத்தில் நின்றால் இஎம்எம்சி தேய்ந்துவிட்டது என்று எண்ண இடமிருக்கிறது.

கணினி கைவசம் இல்லாத இடத்தில் எஸ்டி கார்டு வழி உதவும். அம்லாஜிக்கின் பர்ன் கார்டு மேக்கர் கருவியால் அதே ஐஎம்ஜி கோப்பைக் கார்டில் ஒருமுறை தயார்செய்துகொண்டு, கார்டைச் செருகி, ரீசெட் பட்டனைப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்தால் பாக்ஸ் தானே எழுதிக்கொள்ளும். முடிந்ததும் மின்சாரத்தை நிறுத்தி, கார்டை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கணினி கண்டுகொள்ளவே இல்லையென்றால்

பூட்லோடர் அறவே அழிந்திருந்தால் நல்லது என்றே சொல்வேன். பூட் ரோம் தானாக யூஎஸ்பிக்கு இறங்கிவந்துவிடும், பட்டனே தேவைப்படாது. சங்கடமானது வேறு பாக்ஸின் பூட்லோடர் முழுதாக எழுதப்பட்ட நிலை. பூட் ரோம் அதைச் சரியானது என்று எடுத்து ஓட்டும். ரேமைத் தயார்செய்யும் இடத்தில் அது சிக்கி நிற்கும். ரீசெட் பட்டனைப் பார்க்கும் யூ-பூட் வரை போகவே போகாது.

அப்போது இஎம்எம்சியைப் பூட் ரோமின் கண்ணிலிருந்து ஒரு நொடி மறைக்க வேண்டும். இஎம்எம்சியின் கிளாக் அல்லது தரவுக் கோடு வெளியே வரும் புள்ளியைக் கிரவுண்டோடு ஷார்ட் செய்தபடி கேபிளைச் செருகினால், ‘இங்கே நினைவகமே இல்லை’ என்று பூட் ரோம் யூஎஸ்பிக்குப் போகும். கணினி சாதனத்தைக் கண்டதும் ஷார்ட்டை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் எழுதுவதற்கு நினைவகம் தெரியாது. எந்தப் புள்ளி என்பது போர்டுக்குப் போர்டு மாறும். உங்கள் போர்டு எண்ணுக்கான படம் கையில் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். மின்சாரக் கோட்டைக் கிரவுண்டோடு தொட்டால், அதுவரை நன்றாக இருந்த போர்டு உண்மையாகவே போய்விடும்.

இதற்கு முன்பே யூஆர்ட் (UART) கேபிள் ஒன்றை மாட்டிப் பார்ப்பது என் பரிந்துரை. போர்டு எழுத்தில் அனுப்பும் செய்திகளை அது கணினித் திரையில் காட்டும். சிஎச்340 அல்லது சிபி2102 சில் வைத்த யூஎஸ்பி-டிடிஎல் மாற்றி மலிவாகவே கிடைக்கிறது. அது 3.3 வோல்ட் நிலையில் இருக்க வேண்டும். போர்டில் நான்கு புள்ளிகள் வரிசையாக இருக்கும்: கிரவுண்ட், டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (பெறுவது), விசிசி (மின்சாரம்). விசிசியைத் தொடாமல் மற்ற மூன்றை மட்டும் இணையுங்கள். ஒன்றின் டிஎக்ஸ் மற்றதன் ஆர்எக்ஸுக்குப் போக வேண்டும். வேகம் 115200. பாக்ஸுக்கு மின்சாரம் கொடுத்ததும் எஸ்905டபிள்யூ, எஸ்905எக்ஸ் சிப்பில் ‘ஜிஎக்ஸ்எல்:பிஎல்1’ என்றும், எஸ்905எக்ஸ்3 சிப்பில் ‘எஸ்எம்1:பிஎல்’ என்றும் தொடங்கும் வரி வந்தால் சிப் உயிரோடு இருக்கிறது. அடுத்து வரும் வரிகளில் ரேம் சோதனையில் நிற்கிறதா, யூ-பூட் வருகிறதா, கெர்னல் ஏறுகிறதா என்று எல்லாம் எழுத்தில் தெரியும். நல்ல அடாப்டர் போட்டும் எதுவுமே வரவில்லையென்றால், இணைப்பைச் சரிபார்த்த பிறகு, வன்பொருள் பழுது என்று ஏற்றுக்கொள்ளலாம்.

வேறு சிப்புகளும் பெரிய பிராண்டுகளும்

ராக்சிப்பிலும் தத்துவம் இதேதான். ஆர்கே டெவ் டூல் கருவியில் பாக்ஸ் ‘லோடர்’ நிலையில் தெரிகிறதா ‘மாஸ்க்ரோம்’ நிலையில் தெரிகிறதா என்று காட்டும். ஆல்வின்னருக்கு ஃபீனிக்ஸ்சூட், கார்டு வழிக்கு ஃபீனிக்ஸ்கார்டு.

கூகுள் சான்று பெற்ற பிராண்டு பாக்ஸ்கள், கேபிள் நிறுவனங்கள் தரும் பாக்ஸ்கள் ஆகியவற்றில் பூட்லோடர் பூட்டப்பட்டிருக்கும். மேலே சொன்ன ஃப்ளாஷ் வழி அவற்றுக்கு ஒத்துவராது. புதிய ஆண்ட்ராய்டு டிவி சாதனங்கள் பலவற்றில் மென்பொருள் இரண்டு பிரதியாக இருக்கும். புதிய பிரதி சிலமுறை எழ முடியாமல் போனால் பழைய பிரதிக்குத் தானே திரும்பும். அதற்கு அவகாசம் கொடுங்கள். பிறகு ரெகவரி வழி ரீசெட். அதுவும் ஆகாவிட்டால் உத்தரவாதத்தைப் பயன்படுத்துங்கள்.

எழுந்த பிறகு

வைஃபை, புளூடூத், ஈதர்நெட், ரிமோட், ஒலி எல்லாவற்றையும் அன்றே சோதித்துவிடுங்கள். வைஃபை இல்லையென்றால் அதே போர்டின் வேறு வைஃபை சில்லுக்கான கோப்பைத் தேட வேண்டும். ரிமோட் மட்டும் வேலை செய்யவில்லையென்றால் ஃபர்ம்வேரிலுள்ள ரிமோட் அட்டவணை வேறு ரிமோட்டுக்கானது. ஒரு யூஎஸ்பி ஏர் மவுஸ் போட்டுக்கொண்டால் போதும், இதற்காக மறுபடி ஃப்ளாஷ் செய்ய வேண்டியதில்லை.

இஎம்எம்சி தேய்ந்து ஆண்ட்ராய்டு நிலைக்காத பாக்ஸிலும் யூ-பூட் மட்டும் வருகிறது என்றால், ‘கோடி’ (Kodi) என்ற மீடியா பிளேயரை அடிப்படையாகக் கொண்ட கோர்எலெக் என்ற மென்பொருளை எஸ்டி கார்டிலிருந்தே ஓட்டலாம். எஸ்905டபிள்யூ போன்ற பழைய சிப்புகளுக்கு அதன் 9.2 வரிசைதான். கார்டில் இருக்கும் டிவைஸ் ட்ரீ (போர்டின் வன்பொருள் விவரம்) ஃபோல்டரிலிருந்து உங்கள் சிப்புக்கும் ரேம் அளவுக்கும் உரிய கோப்பை எடுத்து வெளியே வைத்து ‘டிடிபி.ஐஎம்ஜி’ (dtb.img) என்று பெயர் மாற்ற வேண்டும். முதல்முறை பல்குச்சியோடு தொடங்க வேண்டும். படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் மட்டும் பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஆண்ட்ராய்டைவிட இதுவே நிம்மதி.

நல்ல நிலையில் ஓடும் பாக்ஸுக்கு, கோர்எலெக்கில் இருக்கும் டிடிபிஆர் கருவியால் இஎம்எம்சி முழுவதையும் ஒரு பிரதி எடுத்துவைக்கலாம். அந்தப் பிரதி, ஏற்றி வெற்றி கண்ட ஐஎம்ஜி கோப்பு, போர்டின் படங்கள் மூன்றையும் கணினியில் ஒரே இடத்தில் வையுங்கள். பிறகு பாக்ஸின் செட்டிங்ஸுக்குப் போய், தானாக அப்டேட் ஆகும் அமைப்பை அணைத்துவிடுங்கள்.